வானரமும் மனிதனும் கொசுக்கடி ஜுரங்களும்

ஆப்பிரிக்கக் காட்டின் நெடுமரம் ஒன்றின் உச்சிக்கிளையில் அந்தி வேளையில் ஒடுங்கியிருக்கும் குரங்கை, மஞ்சள் காய்ச்சலின் வைரஸைத் தன் உமிழ்நீரில் தாங்கிய கொசு கடிக்குமானால், சில நாட்கள் அந்த வைரஸ் அதன் இரத்தத்தில் உலவி மறைவதன்றி, வெளிப்படையாக அதற்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை. அதன்பின் தன் ஆயுட்காலம் முழுவதும் அந்த நோய் பற்றிய பயமின்றி அது வாழ்கிறது. அதே வைரஸை இந்தியாவின் ரீசஸ் குரங்கின் தேகத்தில் புகுத்தினால், ஈரல் சிதைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அது மாண்டுபோகிறது. மனிதனுடைய கதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தொற்றியவர்களில் பலர் நோய் வந்ததே தெரியாமல் தப்புகிறார்கள். பலர் நாலைந்து நாள் ஜுரத்தோடு பிழைக்கிறார்கள். ஆனால் மஞ்சள் காமாலையும் இரத்த வாந்தியும் கண்டுவிட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோகிறார்கள். ஒரே வைரஸ், ஒரே விதமான கடி, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய மூன்று தேகங்கள். விளைவோ மூன்று விதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன, அந்தக் காரணத்தை அறிந்துகொள்வதால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம், குரங்கின் தேகத்தில் கண்ட உண்மையை எந்த எல்லை வரை மனித தேகத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம் என்னும் வினாக்களே சென்ற நூறாண்டுகளாக இத்துறை நிபுணர்களின் உழைப்பைப் பெரும்பாலும் ஆக்கிரமித்து வந்திருக்கின்றன.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ஹவானா நகரத்து வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே கூறினார், கேட்பார் இல்லை. ஏறக்குறைய இருபது வருஷங்கள் கழித்து, 1900-இல், அமெரிக்க ராணுவத்து வால்டர் ரீட் தலைமையில் கியூபாவுக்குச் சென்ற குழு மனிதர்களையே கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து அதை நிரூபித்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லேஸியர் அதே நோயால் மரணமடைந்தார். மனிதனைத் தவிர வேறு எந்தப் பிராணிக்கும் இந்நோய் வருவதாக அப்போது ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனைக்கு மனித உயிரைத் தவிர வேறு வழியில்லாத ஒரு வியாதியில் சாஸ்திரம் முன்னேறுவது எப்படி? ஜப்பானிய விஞ்ஞானி ஹிடெயோ நொகுச்சி, வேறொரு கிருமியை மஞ்சள் காய்ச்சலின் காரணமென்று பிழையாக ஸ்தாபித்து, உலகம் அதைப் பல வருஷங்கள் நம்பிக்கொண்டிருந்ததற்கும் இந்தக் குறையே ஒரு காரணம்.

1927-இல் அந்தத் தடை நீங்கியது. ராக்ஃபெல்லர் ஸ்தாபனம் மேற்கு ஆப்பிரிக்காவில் லாகோஸ் நகரத்தருகே அமைத்திருந்த ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்னும் ஐரிஷ் வைத்தியரும் அவருடைய சகாக்களும், இன்று கானா என்று வழங்கும் தங்கக்கரை நாட்டில் அஸிபி என்ற ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த இரத்தத்தை ரீசஸ் குரங்குக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். குரங்கு நோயுற்றது. அதற்கு முன் ஆப்பிரிக்கக் குரங்குகளிலும் இந்தப் பரிசோதனை நடந்திருந்தது, அவை நோயுறவில்லை. ஆசியாவிலிருந்து வந்த குரங்கு மட்டுமே மனிதனைப் போல, உண்மையில் மனிதனைவிட மோசமாக, அந்த வைரஸுக்கு இரையாகியது. அஸிபி பிழைத்துக்கொண்டார், ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். நொகுச்சியும் தம்முடைய கொள்கையைச் சோதிக்க ஆப்பிரிக்காவுக்கே வந்து, 1928 மே மாதத்தில் அக்ராவில் அதே நோய்க்கு ஆளாகி மாண்டார். பின்னர் உலகமெங்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு இடப்பட்ட தடுப்பூசிக்கு மூலவித்தாக அமைந்தது அஸிபியின் உடலிலிருந்து எடுத்த அந்த வைரஸ்தான்.

ஆப்பிரிக்கக் குரங்கு தப்புவதற்கும் ஆசியக் குரங்கு சாவதற்கும் காரணத்தைச் சரித்திரத்தில் தேட வேண்டும். ஆப்பிரிக்கக் காடுகளில் இந்த வைரஸும் அக்காட்டுக் குரங்குகளும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஒன்றோடொன்று பழகியவை. பலவீனமான குரங்குகள் எப்போதோ மடிந்துபோக, தாங்கவல்லவையே சந்ததியாக நிலைத்தன. ஆசியாவின் காடுகளில் அந்த வைரஸ் கால் வைத்ததே இல்லையாதலால், இங்குள்ள குரங்குகளுக்கு அத்தகைய தேர்வு நடக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் நிலை இன்னும் வேறு. பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் வைரஸும் கொசுவும் கூடவே அங்கே போய்ச் சேர்ந்தன என்பதே பெரும்பாலோர் ஒப்பும் அபிப்பிராயம். நானூறு வருஷங்கள் ஒரு குரங்கினம் தன்னைப் பழக்கிக்கொள்வதற்குப் போதாது. ஆகையால்தான் தென்னமெரிக்காவின் ஊளைக் குரங்குகள் இன்றும் மஞ்சள் காய்ச்சலில் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. 1948-இல் பனாமாவில் தலைகாட்டிய நோய், அடுத்த சில வருஷங்களில் காடு காடாக வடக்கே நகர்ந்து குவாத்தமாலா வரை சென்றபோது, அதன் பாதையை வரைபடத்தில் குறிப்பதற்கு இறந்த குரங்குகளே உதவின. காலையும் மாலையும் காட்டை அதிரச் செய்யும் ஊளைச்சத்தம் நின்றுபோனால் காய்ச்சல் வந்துவிட்டதென்று அக்காட்டோர மக்கள் அறிவார்கள்.

இந்த உதவிக்கு மனிதன் செய்த கைம்மாறு வெட்கப்படத்தக்கது. 2016-இன் இறுதியில் தொடங்கிப் பிரேசிலின் தென்கிழக்கு மாகாணங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைத் தாக்கி, அவர்களில் பல நூறு பேரைக் கொன்ற மஞ்சள் காய்ச்சலின்போது, குரங்குகளே நோயைப் பரப்புகின்றன என்னும் அச்சத்தால் மக்கள் அவற்றை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். குரங்கு மனிதனுக்கு நேரடியாக நோயைத் தருவதில்லை, இடையில் கொசு வேண்டும், முதலில் சாகும் குரங்கே மனிதனுக்கு எச்சரிக்கை என்று அந்நாட்டு அரசாங்கம் பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. எச்சரிக்கை செய்பவனையே தண்டிக்கும் வழக்கம் மனித சமூகத்துக்குப் புதிதல்லவே!

காட்டில் குரங்கிடமிருந்து மனிதனுக்கு வைரஸ் வந்து சேரும் வழியைக் கண்டுபிடித்தது தனிக் கதை. நகரங்களில் ஏடிஸ் எஜிப்தி கொசுவை ஒழித்துவிட்டால் மஞ்சள் காய்ச்சலும் ஒழிந்தது என்று நம்பியிருந்த காலத்தில், அந்தக் கொசுவே இல்லாத பிரேசில் கிராமப்புறத்தில் நோய் நிலவுவதை 1932-இல் ஃப்ரெட் ஸோப்பர் கண்டறிந்தார். கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்பவர், மரவெட்டிகள் ஒரு பெருமரத்தைச் சாய்த்த மாத்திரத்தில், அதுவரை நூறடி உயரத்தில் குரங்குகளின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்த நீலநிறக் கொசுக்கள் மரத்தோடு கீழிறங்கி அவர்களை மொய்ப்பதைக் கண்ணால் கண்டார். உகாண்டாவில் என்டெபி நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஹாடோ, அங்கே நோய் இரண்டு கொசுக்களின் கூட்டு முயற்சியால் இறங்கி வருவதை விளக்கினார்: உச்சியில் ஒரு கொசுவினம் குரங்குகளுக்குள் வைரஸைச் சுழற்றுகிறது, வாழைத்தோட்டத்தில் பழம் திருட வரும் குரங்கை, வாழை இலையடியில் தேங்கும் நீரில் பிறந்த மற்றோர் இனம் கடித்து, பிறகு தோட்டக்காரனைக் கடிக்கிறது.

அதே நிலையத்தார் விக்டோரியா ஏரிக்கரையில் ஜிகா என்னும் காட்டில், மரத்தின் மேல் பரண் கட்டி, கூண்டுகளில் ரீசஸ் குரங்குகளை வைத்து, மஞ்சள் காய்ச்சலை வேவு பார்த்தார்கள். 1947 ஏப்ரலில் அவற்றுள் 766 என்று எண்ணிட்ட குரங்குக்கு ஜுரம் கண்டது. அதன் இரத்தத்தில் இருந்தது மஞ்சள் காய்ச்சல் அல்ல. அதுவரை யாரும் அறியாத வைரஸ். காட்டின் பெயரையே அதற்கு இட்டார்கள். அறுபது வருஷங்களுக்கு மேல் பெரும்பாலும் ஏட்டிலேயே வாழ்ந்த அந்தப் பெயர், 2015-இல் பிரேசிலில் சிறுத்த தலையோடு பிறந்த குழந்தைகளால் உலகப் பிரசித்தி அடைந்தது. 2017-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒருவருக்கு அந்நோய் கண்டது.

இனி, தேகத்துக்குள் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொசு தோலில் வைரஸை இறக்கிய சில மணி நேரத்துக்குள், அங்குள்ள அணுக்கள் இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. திருடனைக் கண்ட காவல்காரன் போடும் கூச்சலைப் போல, அது அண்டை வீட்டாரையெல்லாம் கதவடைக்கச் செய்கிறது. வைரஸின் வளர்ச்சி அதனால் மந்தப்படுகிறது. அந்த அவகாசத்தில், குறிப்பிட்ட அந்த வைரஸை மாத்திரம் அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் நாலைந்து நாட்களில் இரத்தத்தில் தோன்றத் தொடங்குகின்றன. வைரஸ் குடியேறிவிட்ட அணுக்களைத் தேடி அழிக்கும் டி-செல்கள் பெருகுகின்றன. நோய் தீர்ந்தபின் இவ்விரண்டின் நினைவும் தேகத்தில் தங்குகிறது. குரங்கிலும் மனிதனிலும் இந்த ஏற்பாடு அடிப்படையில் ஒன்றே. எலியில் அப்படியில்லை. டெங்கு, ஜிகா ஆகிய வைரஸ்கள் மனித அணுவுக்குள் இன்டர்ஃபெரானின் செய்தியைக் கொண்டுசெல்லும் ஒரு புரதத்தை அழித்துக் கூச்சலை அடக்கிவிடுகின்றன. எலியின் அதே புரதத்தை அவற்றால் அழிக்க முடிவதில்லை. ஆகவே சாதாரண எலிக்கு இந்த நோய்கள் ஒட்டுவதே கடினம். குரங்கை விட்டால் கதியில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு இதுவே முக்கியமான ஆதாரம்.

குரங்கின் சாட்சியம் மனிதனுக்கு முழுமையாகப் பொருந்திய இடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மாக்ஸ் தீலர் என்பவர், அஸிபி வைரஸைக் கோழிக்கருவின் திசுக்களில் நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றி வளர்த்தபோது, ஒரு கட்டத்தில் அது தன் கொடுமையை இழந்திருப்பதைக் கண்டார். 17டி என்று பெயரிட்ட அந்த வைரஸைக் குரங்குக்குச் செலுத்தினால் நோய் வரவில்லை. பின்னர் மூல வைரஸைச் செலுத்தினாலும் குரங்கு சாகவில்லை. 1937-இல் இதை வெளியிட்ட தீலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரங்கு சொன்னபடியே மனிதனிலும் நடந்தது. ஊசி போட்ட பத்து நாட்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பொருள் தோன்றுகிறது. பத்தாண்டுக்கு ஒரு முறை மீண்டும் போட வேண்டும் என்ற பழைய விதியைக்கூட உலக சுகாதார நிறுவனம் 2013-இல் கைவிட்டு, ஒரே ஊசி ஆயுளுக்கும் போதுமென்று அறிவித்தது. இன்றளவும் இந்தத் தடுப்பூசியின் மூலவித்துக்களைக் குரங்கின் மூளையில் சோதித்துப் பார்த்த பிறகே உற்பத்திக்கு அனுமதிக்கிறார்கள். இங்கே வெற்றி கிட்டியதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சலில் எதிர்ப்பொருள் எப்போதும் நண்பன். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்மை. ரீசஸ் குரங்கோ மனிதனைப் போலவே நோயுற்றுச் சாவதால், தடுப்பூசி பலித்ததா இல்லையா என்பதற்குச் சாவும் பிழைப்புமே அளவுகோலாக இருந்தன.

ஏடிஸ் எஜிப்தியும் குரங்கும் மனிதனும் நிறைந்த ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் ஏன் பரவவில்லை என்ற புதிருக்கும் குரங்கு ஓரளவு விடை கூறியிருக்கிறது. டெங்கு முன்பே வந்துபோன ரீசஸ் குரங்குகளுக்கு மஞ்சள் காய்ச்சல் வைரஸைச் செலுத்தினால், அவற்றின் இரத்தத்தில் வைரஸ் குறைவாகவே தென்படுகிறது, அவை பிழைத்தும்விடுகின்றன என்று தீலர் ஒரு சகாவுடன் சேர்ந்து செய்து 1975-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. டெங்கு மலிந்த ஆசிய மக்களின் தேகத்திலும் அதே பகுதிப் பாதுகாப்பு இருக்கக்கூடும் என்பது ஒரு கட்சி; இங்குள்ள கொசு அந்த வைரஸை ஏற்பதில் சற்று மந்தம் என்பது இன்னொரு கட்சி; சரியான சந்தர்ப்பம் இன்னும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்பது மூன்றாவது. 2016-இல் அங்கோலாவிலிருந்து திரும்பிய 11 சீனத் தொழிலாளர்கள் நோயோடு தாயகம் வந்து சேர்ந்ததை நினைத்தால், மூன்றாவது கட்சியை அலட்சியம் செய்வதற்கில்லை. இந்த அச்சம் புதிதுமல்ல. 1957-இல் கர்நாடகத்து ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தபோது, புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் முதலில் அஞ்சியது மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்றுதான். அது உண்ணியால் பரவும் வேறொரு வைரஸ் என்று பின்னர் தெரிந்தது.

டெங்குவுக்கு வந்தால் இதுவரை சொன்ன ஒழுங்கெல்லாம் குலைந்துபோகிறது. அதன் நான்கு வகைகளும் ஆதியில் ஆசியக் குரங்குகளிடமிருந்தே மனிதனுக்கு வந்தவை என்று கருதப்படுகின்றன. மலேசியக் காடுகளின் மரவுச்சியில் இன்றும் குரங்குக்கும் கொசுவுக்கும் இடையே அது சுழல்வதை ஆல்பர்ட் ருட்னிக் என்பவர் 1960-களிலும் 70-களிலும் ஆராய்ந்து காட்டினார். இலங்கையில் பொலன்னறுவைப் பாழ்நகரத்தில் பல்லாண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டு வரும், அந்தத் தீவுக்கே உரிய குரங்கினத்தின் இரத்தத்தைச் சோதித்தபோது, 1986-87-இல் சில மாதங்களுக்குள் டெங்கு அக்கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குரங்குகளைத் தொட்டுச் சென்றிருப்பது எதிர்ப்பொருள்களால் தெரியவந்தது. அதே தீவில் 2017-இல் டெங்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமான மனிதர்களைப் படுக்கையில் வீழ்த்தி, நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குரங்கின் இரத்தத்தில் வைரஸ் உலவுகிறது, எதிர்ப்பொருள் உண்டாகிறது, ஆனால் நோய் மட்டும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு ஓர் அழகான தடயம் தந்தது. அணுவுக்குள் அந்நியப் பொருள் புகுந்ததை உணர்ந்து அறிவிக்கும் ஸ்டிங் என்ற புரதத்தை, டெங்கு வைரஸ் தன் கத்தரியால் துண்டித்து ஊமையாக்கிவிடுகிறது. மனிதனுடைய ஸ்டிங் புரதத்தையும், மனிதனுக்கு மிக நெருங்கிய சில வாலில்லாக் குரங்குகளின் ஸ்டிங்கையும் மட்டுமே அதனால் இவ்வாறு துண்டிக்க முடிகிறது. ரீசஸ் குரங்கு முதலிய பெரும்பாலான வானரங்களின் ஸ்டிங்கில், கத்தரி விழும் இடத்தில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால், அங்கே அதன் முயற்சி பலிப்பதில்லை. தன் பூர்வீக வீட்டில் செல்லாத சாவி புதுவீட்டில் செல்கிறது என்பது விசித்திரம்தான். நோயின் முழுக் காரணமும் இது ஒன்றே என்று சொல்லுதல் தவறு. ஆனால் நெருங்கிய இரு உயிரினங்களின் கதியை எவ்வளவு அற்பமான வேற்றுமை பிரித்துவைக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இதனினும் பெரிய சங்கடம் எதிர்ப்பொருளில் இருந்து வந்தது. மணிலாவில் 1953-54-இலும் பாங்காக்கில் 1958-இலும், பழைய டெங்குவில் காணாத இரத்தக்கசிவும் அதிர்ச்சியும் குழந்தைகளைக் கொன்றன. பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட், இந்தக் கொடிய ரூபம் பெரும்பாலும் இரண்டாம் முறை, அதாவது முதலில் ஒரு வகை வந்து பிறகு வேறொரு வகை தொற்றும்போது, வருவதைக் கவனித்தார். முதல் தொற்றிலேயே கடுமையாக நோயுற்றவர்கள் ஒரு வயது நிரம்பாத சிசுக்கள். அவர்களுடைய தாய்மாருக்கு முன்பே டெங்கு வந்திருந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள், வைரஸைக் கொல்லுமளவு இல்லாமல், அதைப் பற்றிக்கொள்ளுமளவு மட்டும் எஞ்சியிருக்கும்போது, இரத்தத்தின் வெள்ளணுக்கள் அந்த எதிர்ப்பொருளை விழுங்க முயன்று வைரஸையும் கூடவே விழுங்கித் தமக்குள் அதை வளர்க்கின்றன என்பது அவருடைய விளக்கம். காவலே கள்ளனுக்குக் கதவு திறக்கிறது. இந்தக் கொள்கையைச் சோதிக்க அவர் 1970-களில் ரீசஸ் குரங்குகளுக்கு மனித எதிர்ப்பொருளை முதலில் ஏற்றி, பின்பு டெங்கு வைரஸைச் செலுத்தினார். எதிர்ப்பொருள் பெற்ற குரங்குகளின் இரத்தத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. கொள்கை உறுதிப்பட்டது. ஆனால் அந்தக் குரங்குகளுக்கும் இரத்தக்கசிவோ அதிர்ச்சியோ வரவில்லை.

கியூபா தீவு, யாரும் திட்டமிடாமலேயே, இதே பரிசோதனையை மனிதர்களில் நடத்திக் காட்டிவிட்டது. 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் இறந்தார்கள். முதல் வகை பரவி ஓய்ந்த பின் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் இலேசாகத் தப்பினார்கள். நிகராகுவா நாட்டுக் குழந்தைகளைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு, எதிர்ப்பொருள் அறவே இல்லாதவர்களுக்கும் மிகுதியாக உள்ளவர்களுக்கும் ஆபத்து குறைவு, இடைப்பட்ட அளவில் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதைக் கணக்கோடு நிறுவியது.

டெங்வாக்ஸியா என்னும் தடுப்பூசியின் சோகக் கதை இங்கே தொடங்குகிறது. மஞ்சள் காய்ச்சலின் 17டி வைரஸையே உடலாகக் கொண்டு, அதன் மேல் டெங்குவின் நான்கு வகைச் சட்டைகளையும் தனித்தனியே போர்த்தி உண்டாக்கிய அந்த ஊசி, குரங்குகளில் எதிர்ப்பொருளைத் தந்தது. வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது பாதுகாப்பும் காட்டியது. 2016-இல் தொடங்கிப் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டது. ஆனால் மனிதப் பரிசோதனையின் மூன்றாம் ஆண்டிலேயே, சிறு குழந்தைகளில் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது தெரிந்திருந்தது. 2017 நவம்பரில், முன்பு டெங்குவே வராத பிள்ளைகளுக்கு இந்த ஊசி கடும் நோயின் அபாயத்தை உயர்த்துகிறது என்று அதைத் தயாரித்த சனோஃபி கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஊசி அவர்களுடைய தேகத்தில் முதல் தொற்றின் வேலையைச் செய்துவிட்டது. பின்னர் உண்மையாக வந்த முதல் டெங்கு அவர்களுக்கு இரண்டாவதாக ஆயிற்று. டெங்குவால் நோயே அடையாத ஒரு பிராணி, டெங்கு நோய் கடுமையாவதைப் பற்றி எவ்வாறு சாட்சி சொல்லும்? குரங்கு பொய் சொல்லவில்லை. கேட்கக்கூடாத கேள்வியை அதனிடம் கேட்டு, கிடைத்த பதிலை மனிதன் தன் விருப்பப்படி விரித்துக்கொண்டான்.

ஆயினும் குரங்கின் சாட்சியத்தை டெங்கு குடும்பத்தில் அறவே தள்ளிவிடுவதும் அவசரமாகும். 1938-இல் இந்தியாவிலிருந்து சுமார் 400 ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் ஏற்றி, போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் விட்டார்கள். அவற்றின் சந்ததி அங்கே இன்றும் பெருகி வாழ்கிறது. ஜிகா பரவிய காலத்தில், டெங்கு முன்பே வந்தவர்களுக்கு ஜிகா கொடுமையாகுமோ என்று உலகம் அஞ்சியபோது, அவற்றைப் பராமரிக்கும் போர்ட்டோ ரிக்கோவின் ஆராய்ச்சி மையத்தார் குரங்குகளில் சோதித்து அப்படி ஆகவில்லை என்று 2017-இல் கூறினார்கள். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், முதலில் ஜிகா வந்த குரங்குக்குப் பிறகு இரண்டாம் வகை டெங்குவைச் செலுத்தினால் வைரஸ் மிகுதியாகப் பெருகுகிறது என்று காட்டினார்கள். மூன்றாண்டு கழித்து, நிகராகுவாவின் குழந்தைகளில் ஜிகா வந்தவர்களுக்குப் பின்னால் டெங்கு கடுமையாகும் அபாயம் கூடியிருப்பது வெளியாயிற்று. கர்ப்பிணிக் குரங்குகளைப் பற்றிய ஆராய்ச்சியும் பயன் தந்தது. சாதாரணக் குரங்கில் பத்து நாளைக்குள் மறையும் ஜிகா வைரஸ், கருவுற்ற குரங்கின் இரத்தத்தில் வாரக்கணக்கில் நீடித்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றிய குரங்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கரு இறந்தது. மனிதப் பெண்களில் எளிதில் கணக்கிட முடியாத ஒரு நஷ்டத்தை அவை வெளிப்படுத்தின.

சிக்குன்குனியாவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1964-இல் சென்னையில் லட்சக்கணக்கானோரையும், 2006-இல் தென்னாடு முழுவதையும் அது மூட்டுவலியோடு முடக்கிற்று. ஜுரம் தீர்ந்தும் மாதக்கணக்கில் வலி தீராததேன் என்பதற்கு, நண்டுதின்னிக் குரங்குகளில் நடந்த ஆராய்ச்சி ஒரு பதில் தந்தது: இரத்தத்தில் வைரஸ் மறைந்து வெகுநாள் ஆன பின்னும், மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் அணுக்களில் அது ஒளிந்திருக்கிறது. இந்த நோய்க்கென முதலாவதாக 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இக்ஸ்சிக் தடுப்பூசி, குரங்கின் சாட்சியத்தையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. ஊசி போட்ட மனிதர்களின் இரத்தநீரைக் குரங்குகளுக்கு ஏற்றி, எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் அவை நோயிலிருந்து தப்புகின்றன என்று அளந்து, அந்த அளவை மனிதர்கள் எட்டிவிட்டார்கள் என்பதே அனுமதிக்குக் காரணமாயிற்று. நோய் எப்போது எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாத நிலையில் இது நியாயமான வழிதான். ஆனால் 2025-இல் ரீயூனியன் தீவில் நோய் பரவி, முதியவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டபோது, சிலருக்குக் கடுமையான பின்விளைவுகள் நேர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் அனுமதியையே நிறுத்திவைத்தார்கள். பாதுகாக்கும் எதிர்ப்பொருளின் அளவைக் குரங்கு சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். பலவீனப்பட்ட எழுபது வயது தேகம் உயிருள்ள வைரஸ் ஊசியைத் தாங்குமா என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி.

இத்தனை சேவைக்கும் குரங்கு கொடுத்த விலை சிறிதல்ல. போலியோ முதலிய ஆராய்ச்சிகளுக்கென ஆண்டுதோறும் ஆயிரமாயிரமாக ஏற்றுமதி செய்யப்பட்டு வந்த ரீசஸ் குரங்குகளின் கப்பலேற்றத்தை இந்திய அரசாங்கம் 1978-இல் தடை செய்தது; அது சரியான செயல் என்பதே என் எண்ணம். அவசியமான ஆராய்ச்சியை மறுப்பவனல்லன் நான். ஆனால் விடை தர இயலாத கேள்விக்காக ஒரு பிராணியைக் கொல்வது பாவம் மட்டுமல்ல, அசட்டுத்தனமும் ஆகும். மஞ்சள் காய்ச்சலைப் போல, எதிர்ப்பொருள் நோயோடு போராடும் இடத்தில் குரங்கை நம்பலாம்; டெங்குவைப் போல, எதிர்ப்பொருளே நோய்க்குத் துணைபோகும் இடத்தில் மனிதனைத்தான், அதுவும் பல வருஷங்கள் பொறுமையாக, கவனிக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு இன்று நேரடியாகப் பொருந்தும் விஷயம். இந்தியாவிலேயே தயாராகும் ஒற்றைத் தவணை டெங்குத் தடுப்பூசியாகிய டெங்கிஆல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு 2024 ஆகஸ்டிலிருந்து சுமார் 10,000 வயதுவந்தவர்களில் மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. அவர்களை இரண்டாண்டுகள் கவனிப்பதாகத் திட்டம். 2017-18-இல் நடந்த தேசிய ஆய்வின்படி, தென்னிந்தியாவில் ஐந்து முதல் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 77 பேருக்கு டெங்கு முன்பே வந்துபோயிருக்கிறது. எஞ்சிய 23 பேரில் குழந்தைகளும் கணிசமாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் துன்புற்ற பிள்ளைகளும் இவ்வாறு டெங்கு முன்பு வராதவர்களே, மனிதப் பரிசோதனையில் தீங்கின் அடையாளம் தென்பட்டதும் மூன்றாம் ஆண்டிலே. ஆகையால் வயதுவந்தவர்களில் இந்த ஊசி வெற்றி பெற்றது என்ற செய்தி வந்தவுடன் அதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோக அவசரப்படாமல், டெங்கு வராத பிள்ளைகளைத் தனியே பிரித்து, குறைந்தது ஐந்தாண்டுகளாவது தொடர்ந்து கவனித்து, அந்தக் கணக்கை ஒளிவுமறைவின்றி வெளியிட்ட பிறகே பொதுவில் வழங்க வேண்டுமென்று பெற்றோர்களும் வைத்தியர்களும் அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.